முந்துவதற்கு ஒரு விலை: மின்னல் அழைப்பு முதல் நீர்ப்பூங்கா வரை

கோடை விடுமுறையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரை அடுத்த பிடதியிலுள்ள வொண்டர்லா பூங்காவுக்குச் செல்லும் குடும்பம் இருவகைச் சீட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று சாதாரணச் சீட்டு. மற்றது 'ஃபாஸ்ட்ராக்' எனப்படும், கணிசமாக விலை கூடிய, வரிசையில் முந்திச் செல்ல உரிமை தரும் சீட்டு. குளம் ஒன்றே, சறுக்கும் ஒன்றே, நீரும் ஒன்றே. கூடுதல் பணம் வாங்கித் தருவது காத்திருக்காமல் இருக்கும் உரிமையை மட்டுமே. அந்த உரிமை கொடுத்த காசுக்குத் தகுமா என்பது சில நிமிடங்களில் தீர்த்துவிடக்கூடிய குடும்பக் கணக்காகத் தோன்றலாம். ஆனால் தந்தி நிலையம், தொலைபேசி இலாகா, உரிம அலுவலகம், ரயில் முன்பதிவு மையம் எனப் பல சாளரங்களின் முன்னால் நின்று இந்தியச் சமூகம் நூறாண்டுக்கும் மேலாக விடை தேடிவரும் கேள்வி இது. அவ்வரலாற்றை அறிந்தவருக்குப் பூங்காவின் சீட்டுக் கணக்கு சற்று வேறாகத் தெரியும்.

அவ்வரலாற்றின் பழைய பக்கங்களில் தந்தியும் டிரங்க் அழைப்பும் இருக்கின்றன. சாதாரணத் தந்தி அனுப்புவோருக்கு ஒரு கட்டணம். 'எக்ஸ்பிரஸ்' தந்தி அனுப்புவோருக்கு அதைப் போல் இரட்டிப்பு. கம்பி ஒன்றே, அடிப்பவரும் ஒருவரே. மாறுவது செய்தி அடிக்கப்படும் முறை வரிசை மட்டுமே. வெளியூருக்குத் தொலைபேசியில் பேச விரும்பியவர் நிலையத்தில் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில் அழைப்புகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன: சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, மின்னல் அழைப்பு. அவசர அழைப்புக்கு இரட்டிப்புக் கட்டணம், மின்னல் அழைப்புக்கு அதனினும் பன்மடங்கு. மரணச் செய்தி சொல்ல வேண்டியவரும் பருத்தி விலை கேட்க வேண்டிய வணிகரும் அதே விலைப்பட்டியலின் முன்தான் நின்றார்கள். யாருடைய அவசரம் மெய்யான அவசரம் என்று நிலையம் விசாரிக்கவில்லை. கட்டணம் செலுத்தியவரின் அவசரமே அவசரமாயிற்று.

இம்முறைக்கு ஒரு நியாயம் உண்டு. இரு நகரங்களுக்கிடையே இருந்த கம்பிகள் மிகச் சில; அவற்றை இரவோடு இரவாகப் பெருக்க முடியாது. பற்றாக்குறையை எப்படியேனும் பங்கிட்டாக வேண்டும். விலை வைத்துப் பங்கிடுவது செல்வாக்கு வைத்துப் பங்கிடுவதைவிட வெளிப்படையானது. 'சிபாரிசு' என்ற பாரசீகச் சொல் தமிழன்றாட வழக்கில் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். கடிதம் கொண்டுவர முடியாதவருக்கும் பணம் இருந்தால் வழியுண்டு என்பது சலுகைச் சமூகத்தில் ஒருவகை முன்னேற்றமே.

ஆனால் அவ்வகைப்பாடு எப்படி முடிவுக்கு வந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, இயக்குநரின் துணையின்றிச் சந்தாதாரரே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி நாட்டில் முதன்முதலாக ஏற்படுத்தப்பட்டது. அது ஒவ்வொரு நகரமாகப் பரவப் பரவ, டிரங்க் பதிவு தேவையற்றுப் போயிற்று. அதனோடு மின்னல் அழைப்பும் மறைந்தது. அதை எவரும் போராடி ஒழிக்கவில்லை. வரிசை கலைந்தது, முந்துவதற்கு யாருமில்லாததால் முந்தும் உரிமையின் விலையும் கலைந்தது.

தொலைபேசி இணைப்பின் கதையும் இத்தகையதே. இணைப்புக்கு விண்ணப்பித்தவர்களின் காத்திருப்புப் பட்டியல் பொது, சிறப்பு, ஓ.ஒய்.டி. எனப் பிரிக்கப்பட்டிருந்தது. 'உங்கள் சொந்தத் தொலைபேசி' என்று பொருள்படும் அந்த மூன்றாம் பிரிவில் பெருந்தொகையை முன்கூட்டியே செலுத்தியவர்கள் முன்னுரிமை பெற்றனர். 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வெளியானபோது நாட்டிலிருந்த இணைப்புகள் ஏறத்தாழ 80 லட்சம்; காத்திருந்தோர் ஏறத்தாழ 25 லட்சம். பின்னர் இணைப்புகள் பெருகி, கைபேசியும் வந்தபின், ஓ.ஒய்.டி. என்ற மூன்றெழுத்தின் விரிவைச் சொல்லக்கூடியவர்களே அருகிப்போயினர்.

இவ்விரு நிகழ்வுகளிலிருந்து ஒரு பொது விதியை வகுக்கலாம்: முந்துவதற்கு விற்கப்படும் சீட்டின் மதிப்பு, அதை வாங்காதவர்கள் நிற்கும் வரிசையின் நீளத்திலிருந்து மட்டுமே பிறக்கிறது. வரிசை இல்லையேல் சீட்டுக்கு மதிப்பில்லை. அப்படியானால் சீட்டை விற்பவருக்கு வரிசை சுருங்குவது லாபமா, நட்டமா?

இக்கேள்வியை விடுதலைக்குப் பிந்தைய இந்தியா வேறொரு களத்தில் நேரடியாகச் சந்தித்தது. 1962இல் மத்திய அரசு அமைத்த ஊழல் தடுப்புக் குழுவுக்குத் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமை வகித்தார். 1964இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, 'வேகப் பணம்' என்று அழைக்கப்பட்ட ஒரு வழக்கத்தைச் சுட்டிக்காட்டியது. உரிமம், அனுமதி போன்றவற்றை நாடுவோர் சட்டத்துக்குப் புறம்பான எதையும் கேட்பதில்லை. தமக்கு உரியதைத் தாமதமின்றிப் பெறவே பணம் தருகிறார்கள். அதன் விளைவாகச் சில பிரிவு ஊழியர்கள், தக்கபடி கவனிக்கப்படும்வரை கோப்பை நகர்த்தாமல் இருப்பதையே பழக்கமாக்கிக்கொண்டனர் என்பது குழு கண்ட உண்மை.

அதே 1964இல் நத்தானியேல் லெஃப் என்ற பொருளியலாளர் எதிர்த்திசையில் வாதிட்டார். மந்தமான அதிகாரவர்க்கத்தின் சக்கரங்களுக்கு லஞ்சம் மசகு எண்ணெயாகப் பயன்படலாம் என்பது அவர் கருத்தின் சாரம். 1968இல் வெளியான 'ஏஷியன் டிராமா' என்ற பெருநூலில் குன்னார் மிர்தால் இதை மறுத்தார். சந்தானம் குழுவின் கண்டறிதல்களைத் துணைக்கொண்ட அவர், வேகத்துக்கு விலை கிடைக்கும் என்றறிந்த அலுவலர் தாமதத்தைத் தாமே உற்பத்தி செய்வார் என்றார். 1985இல் பிரான்சிஸ் லூயி வகுத்த கணித மாதிரி விவாதத்தை மீண்டும் திருப்பிப் போட்டது. வரிசையில் நிற்போர் தத்தம் நேரத்தின் மதிப்புக்கேற்பப் பணம் தரும்போது, விரைந்து வேலை செய்தால் மிகுதியானவர்களிடம் வாங்கலாம் என்று எண்ணும் அலுவலர் வேகத்தைக் கூட்டவும் கூடும் என அது காட்டியது. கோட்பாட்டளவில் இரண்டும் சாத்தியம். கள ஆய்வு என்ன சொல்கிறது? டெல்லியில் ஓட்டுநர் உரிமம் பெறும் நடைமுறையைச் சோதனை முறையில் ஆராய்ந்து 2007இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரை மிர்தாலின் பக்கமே சாய்கிறது. வாகனம் ஓட்டத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடின்றித் தேர்வில் பலர் தோல்வியுறச் செய்யப்பட்டனர். அத்தடையைக் கடக்க மக்கள் முகவரை நாடினர். முகவர் வழியே சென்றவர்கள் ஓட்டத் தெரியாமலேயே உரிமம் பெற்றனர். முந்தும் வழி ஒன்று இருந்ததே நேர்வழியைக் கரடுமுரடாக வைத்திருப்பதற்குக் காரணமாயிற்று.

லஞ்சத்தையும் அறிவிக்கப்பட்ட கட்டணத்தையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. பின்னது சட்டபூர்வமானது, ரசீது உள்ளது, எல்லாருக்கும் ஒரே விலையுடையது. எனினும் விற்பவரின் தூண்டுதல் பற்றிய கேள்வி இரண்டுக்கும் பொது. அதைச் சோதித்தறிய ரயில்வேயின் தட்கல் திட்டத்தைவிட விரிந்த களம் வேறில்லை.

1997 டிசம்பரில் சில ரயில்களில் தொடங்கிய தட்கல், கடைசி நேரப் பயணிக்கென ஒதுக்கப்பட்ட இடங்களைக் கூடுதல் கட்டணத்துக்கு விற்றது. பின்பு வகுத்த விதிப்படி அக்கட்டணம் அடிப்படைக் கட்டணத்தில் இரண்டாம் வகுப்புக்கு 10 விழுக்காடும் பிற வகுப்புகளுக்கு 30 விழுக்காடும், குறைந்தபட்ச அதிகபட்ச வரம்புகளுக்கு உட்பட்டு அமைந்தது. உறுதி செய்யப்பட்ட தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்புவதில்லை. 2014இல் விற்க விற்க விலையேறும் பிரீமியம் தட்கலும் சேர்ந்தது. திடீர்ச் சாவுக்கோ, நேர்காணலுக்கோ செல்ல வேண்டியவருக்கு இது கைகொடுத்தது உண்மை. ஆனால் ரயிலில் இடங்கள் பெருகவில்லை. இருந்த இடங்களில் ஒரு பகுதி பொது வரிசையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. காலப்போக்கில் தட்கலுக்கே ஒரு வரிசை உருவாயிற்று. குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, பிறவற்றுக்கு 11 மணி எனச் சாளரம் திறக்கும் கணத்தில் லட்சக்கணக்கானோர் இணையத்தில் முட்டிமோதுகின்றனர். முகவர்களின் மென்பொருள் முந்திக்கொள்வதைத் தடுக்க, முதல் அரை மணி நேரம் முகவர்களுக்குத் தடையும், 2025 ஜூலை முதல் இணையவழிப் பதிவுக்கு ஆதார்ச் சரிபார்ப்பும் வந்தன. முந்துவதற்கான சீட்டை வாங்க மறுபடியும் முந்த வேண்டியிருக்கிறது. எல்லாரும் நுனிக்காலில் நின்றால் எவருக்கும் கூடுதலாகத் தெரிவதில்லை என்று பிரெட் ஹிர்ஷ் 1976இல் விளக்கிய நிலை இதுவே. பிறரிடம் இல்லாதவரைதான் பயன்தரும் பொருளுக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு.

'தட்கல்' என்ற சொல்லே ஓர் ஆய்வுக்குரியது. 'அந்த நேரத்தில், உடனே' என்று பொருள்படும் 'தத்கால' என்ற வடசொல், தமிழ் வாயில் புதிய ஒலிவடிவம் பெற்று ஒரு சீட்டின் பெயராகவே நிலைத்துவிட்டது. அதனினும் சுவையானது 'அவசரம்'. வடமொழியில் அவசர என்பது தருணம், வாய்ப்பு. மலையாளத்தில் இன்றும் வாய்ப்பு என்றே பொருள். தெலுங்கில் அது தேவை. தமிழிலும் கன்னடத்திலும் விரைவு. கொச்சி, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய மூன்று நகரங்களிலும் கிளை கொண்ட ஒரே பூங்காவின் வாயிலில், ஒரே சொல் வாய்ப்பையும் தேவையையும் விரைவையும் குறிக்கிறது. வரிசையில் ஒருவரை முன்னே விடுவதற்கான காரணங்களும் இம்மூன்றுதாம். நோயாளியை, கருவுற்றவரை, முதியவரை முன்னே விடுவது தேவை கருதி. தட்கல் வாங்குபவர் பெரும்பாலும் விரைவு கருதி. வாங்கும் வசதி இருப்பதால் மட்டுமே முந்துபவர் வாய்ப்புக் கருதி. மின்னல் அழைப்புப் பட்டியல் செய்ததும் இன்றைய முந்துசீட்டு செய்வதும் இம்மூன்றையும் ஒரே விலைக்குள் அடக்கிவிடுவதே.

இனி நீர்ப்பூங்கா. இந்தியாவில் இத்துறையின் வயது அதிகமில்லை. மும்பையின் கோராய்ப் பகுதியில் எஸ்ஸெல் வேர்ல்ட் 1989இலும் அதையொட்டிய வாட்டர் கிங்டம் 1998இலும் திறக்கப்பட்டன. கொச்சியில் வீகாலாண்ட் 2000இல் வந்தது. அதே நிறுவனத்தார் 2005இல் பெங்களூரிலும் 2016இல் ஹைதராபாதிலும் வொண்டர்லா பூங்காக்களைத் திறந்தனர். உலகளவில் பார்த்தால், டிஸ்னி பூங்காக்கள் 1999இல் கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ் அனைவருக்கும் இலவசமாகவே இருந்தது. குறித்த நேரத்தில் திரும்பி வருமாறு ஒரு சீட்டு கிடைக்கும்; அதுவரை வேறிடத்தில் உலவலாம். 2021இல் அமெரிக்கப் பூங்காக்களில் அதனிடத்தைக் கட்டண முறை பிடித்தபோது அதற்குச் சூட்டிய பெயர் 'லைட்னிங் லேன்'. மறைந்துபோன மின்னல் அழைப்பு வேறொரு கண்டத்தில் மறுபிறவி எடுத்தது போலும்.

பூங்காவின் வரிசை எப்படி இயங்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு சறுக்கு நிமிடத்துக்கு 2 பேரைக் கீழே அனுப்புகிறது. பாதுகாப்பு இடைவெளி கருதி அதற்குமேல் அனுப்ப இயலாது. வரிசையில் 60 பேர் நிற்கின்றனர் என்றால் கடைசியில் நிற்பவர் 30 நிமிடத்தில் மேலேறுவார். இப்போது நிமிடத்துக்கு ஒருவர் வீதம் முந்துசீட்டுடன் வருகிறார் என்க. சாதாரண வரிசைக்கு நிமிடத்துக்கு ஓரிடமே மிஞ்சும். கடைசியில் நிற்பவரின் காத்திருப்பு 60 நிமிடமாகும். அந்த ஒரு மணி நேரத்தில் சீட்டுடன் வந்த 60 பேரும், சீட்டின்றிப் பொது வரிசையின் வாலில் நின்றிருந்தால், சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பர். சாதாரண வரிசையிலிருந்த 60 பேரும் சராசரியாக 15 நிமிடம் கூடுதலாக நிற்கின்றனர். ஒரு பக்கம் சேமித்தது மறுபக்கம் இழந்ததற்குச் சமம். இது தற்செயலன்று. 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தை முன்வைத்து ஏ. கே. எர்லாங் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாட்டில், 1965இல் லியோனார்ட் கிளைன்ராக் நிறுவிய காப்பு விதியின் எளிய வடிவம் இது. முறை வரிசையை எப்படி மாற்றினாலும், சேவையின் வேகம் மாறாதவரை, மொத்தக் காத்திருப்புச் சுமை குறைவதில்லை. ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறுகிறது.

இதிலிருந்து வாங்குபவருக்கான முடிவு தெளிவாகிறது. பள்ளி திறந்திருக்கும் மாதத்தில், வாரநாளில் செல்வோருக்கு முந்துசீட்டு வீண் செலவு. இல்லாத வரிசையை எப்படித் தாண்டுவது? அலைக்குளம், மெல்லோட்ட நீரோடை, சிறுவர் குளம் ஆகியவற்றில் வரிசையே கிடையாது. நாளின் பெரும்பகுதியை அங்கே கழிக்க விரும்புவோருக்கும் பயனில்லை. உயரக் கட்டுப்பாட்டால் பெரிய சறுக்குகளில் ஏற முடியாத சிறு குழந்தைகளுடன் வருவோருக்கும் அவ்வாறே. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு விலை வேறுபாடு நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கலாகாது. தலைக்கு 1000 ரூபாய் வேறுபாடு, மிச்சமாவது 2 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தின் விலை தலைக்கு 500 ரூபாய். மாறாக, தொலைவிலிருந்து ஒரேயொரு நாளுக்கு, அதுவும் கோடை விடுமுறை ஞாயிறன்று வரும், பெரிய சறுக்குகளுக்காகவே வரும் இளைஞர் குழுவுக்கு அந்த விலை தகும். ஆனால் அந்த நாளில் எத்தனை பேர் அதே முடிவை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவர்களின் லாபம் கரையும். முந்துசீட்டின் எண்ணிக்கைக்கு நிர்வாகம் வரம்பு வைத்திருக்கிறதா என்பதே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பூங்காவையும் ரயிலையும் ஒன்றாகக் கருதலாகாது என்ற மறுப்பு இங்கே எழும். அது சரியான மறுப்பு. பூங்கா பிடிக்கவில்லையென்றால் போகாமல் இருக்கலாம்; ஏரிக்கோ கடற்கரைக்கோ போகலாம். ஊருக்குப் போகும் ஒரே ரயிலையும், ஒரே கடவுச்சீட்டு அலுவலகத்தையும், பாட்டன் காலந்தொட்டு நேர்ந்துகொண்ட கோயிலையும் அவ்வாறு மாற்றிக்கொள்ள இயலாது. வெளியேறும் வழி திறந்திருக்கும் இடத்தில் முந்துசீட்டு வெறும் விலைப் பிரச்சினை. அது அடைபட்ட இடத்தில் உரிமைப் பிரச்சினை. ஆயினும் கவலைக்குரிய இணைப்பு ஒன்று உண்டு. பொழுதுபோக்குக் களத்தில் இயல்பாகிவிட்ட வழக்கம் பொதுச்சேவைக் களத்திலும் கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. சறுக்கின் உச்சியில் தன்னைத் தாண்டிச் செல்பவரைப் பார்த்துப் பழகிய சிறுமிக்கு, மருத்துவமனையில் தன் பாட்டியைத் தாண்டி ஒருவர் செல்வதும் வெறும் கட்டண வேறுபாடாகத் தோன்றக்கூடும்.

திருமலையில் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு தரிசனமும் கட்டணமில்லாத சர்வ தரிசனமும் அருகருகே இயங்குகின்றன. ஆனால் சர்வ தரிசனத்துக்கும் நேரம் குறித்த டோக்கன் வழங்கும் ஏற்பாடு அங்கே உள்ளது. இது முக்கியமான நடைமுறை. ஃபாஸ்ட்பாஸின் தொடக்க வடிவத்தைப் போலவே இது இடத்தை விற்கவில்லை, நேரத்தை அறிவிக்கிறது. காத்திருப்பு நீடித்தாலும், கால்கடுக்க நிற்கும் துன்பமும் எப்போது முடியும் என்று தெரியாத தவிப்பும் குறைகின்றன. பணம் தராதவருக்கும் ஒரு வாக்குறுதி கிடைக்கிறது.

ஆகவே எந்த முந்துசீட்டையும் மதிப்பிட மூன்று அளவுகோல்கள் போதும். விற்கப்படும் பங்குக்கு வரம்பு உண்டா? சீட்டு வாங்காதவருக்கு இத்தனை நேரத்துக்குள் சேவை என்ற உறுதி உண்டா? கூடுதலாக வந்த பணம் வரிசையைச் சுருக்கச் செலவாகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது நல்ல இடைக்கால ஏற்பாடு. மூன்றாவதற்கு இல்லை என்றால், சந்தானம் குழு 1964இல் கண்ட நோயின் ரசீது போட்ட வடிவம் அது. பூங்கா விற்ற முந்துசீட்டுகளின் பணத்தில் அடுத்த கோடைக்குள் இரண்டாவது சறுக்கு எழுகிறதா என்று பார்த்தாலே போதும்; லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே போட்ட கம்பி, மின்னல் அழைப்பின் விலைப்பட்டியலை அவ்வாறுதான் கிழித்தெறிந்தது.